வேஸ்ட் ஷீட்டில் வந்த புலி: வாசகர் கேள்வி–பதில்

சின்ன வயசில் பிடித்ததும் கற்பனை செய்ததும் வளர்ந்த பிறகு நம் வேலையில் எங்கே போய் உட்காருகின்றன? இதையொட்டிக் கேள்விகள் அனுப்பும்படி போன இதழில் கேட்டிருந்தோம். பதில் சொல்பவர், சிவகாசியில் பிறந்து வளர்ந்து இப்போது மதுரையில் இருந்துகொண்டு சிறுவர் நூல்களுக்குப் படம் வரையும் ஓவியர்.

என் மகளுக்கு எட்டு வயது. ‘பூலாந்தீவு’ என்று ஓர் ஊரைத் தானாகவே உண்டாக்கி வைத்திருக்கிறாள். அங்கே ராணி உண்டு, தபால்காரர் உண்டு, காய்ச்சல் வந்தால் போக ஆஸ்பத்திரி உண்டு. சாப்பிடும்போதுகூட அந்த ஊர் ஆட்களோடு பேச்சுதான். மாமியார், ‘பிள்ளைக்கு மந்திரிச்சுக் கயிறு கட்டு’ என்கிறார். கண்டித்து நிறுத்த வேண்டுமா?
– ஒரு தாய், பாளையங்கோட்டை

நிறுத்தவே நிறுத்தாதீர்கள் அம்மா. அந்தத் தீவில் தபால்காரர் இருக்கிறார் என்று படித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ராணியை எந்தப் பிள்ளையும் கொண்டுவந்துவிடும். தபால்காரரைக் கொண்டுவருகிற பிள்ளை, அந்த ஊரில் யார் யாருக்கு என்ன எழுதுவார்கள் என்பதுவரை யோசித்திருக்கிறது.

உங்களுக்கு ஒரு வீட்டின் கதையைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஹாவொர்த் என்கிற மலையோர ஊர். தாயும் மூத்த அக்காமார் இருவரும் அடுத்தடுத்து இறந்துபோன ஒரு பாதிரியார் வீடு. 1826 ஜூன் மாதம் லீட்ஸ் நகருக்குப் போய்வந்த தகப்பனார் பாட்ரிக் பிராண்ட்டி, மகன் பிரான்வெல்லுக்கு ஒரு பெட்டி மரச் சிப்பாய்கள் வாங்கிவந்தார். பெட்டியில் பன்னிரண்டு சிப்பாய்கள். பத்து வயது மகள் ஷார்லட் ஒன்றை எடுத்து, ‘இவர்தான் வெலிங்டன் பிரபு’ என்றாள். பிரான்வெல் தன்னுடையதற்கு, அந்த வெலிங்டனிடம் போரில் தோற்ற நெப்போலியனின் பெயரை வைத்தான். தங்கைகள் எமிலியும் ஆனும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சிப்பாய்கள் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குப் போய் நகரம் கட்டினார்கள். அந்த நகரத்துக்குப் பத்திரிகை வேண்டியிருந்தது. பிள்ளைகள் தீப்பெட்டி அளவில், சிப்பாய் கையில் பிடித்துப் படிக்கிற அளவில், புத்தகங்கள் செய்தார்கள். அச்செழுத்தைப் போலவே பொடிப்பொடியாகக் கையால் எழுதி, பொருளடக்கமும் விளம்பரமும் வைத்து, ஊசிநூலால் தைத்தார்கள். அவற்றில் சில இன்றைக்கும் பத்திரமாக இருக்கின்றன.

இந்த விளையாட்டு பத்து வயதோடு முடியவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஷார்லட் தன் கற்பனை ராஜ்ஜியத்துக்கு விடைகொடுத்து எழுதியபோது அவருக்கு இருபத்துமூன்று வயது இருக்கும். எமிலியும் ஆனும் தங்களுக்கென்று தனியாக ஒரு தீவு வைத்திருந்தார்கள். 1845-ல் இருவரும் யார்க் நகருக்குப் போனார்கள். வழியெல்லாம் அந்தத் தீவின் ஆட்களாகவே மாறி மாறி நடித்துக்கொண்டு போனதாக எமிலி குறித்துவைத்திருக்கிறார். அப்போது எமிலி இருபத்தேழு வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷம் கழித்து, 1847-ல், மூன்று சகோதரிகளின் நாவல்களும் வெளியாயின. ஆங்கிலம் படிக்கும் உலகம் இன்றுவரை அவற்றைக் கீழே வைக்கவில்லை.

உங்கள் மகள் எழுத்தாளராக வருவாள் என்று ஜோசியம் சொல்ல இதைச் சொல்லவில்லை. இப்படி வாழ்வது நோய் இல்லை என்று உங்களுக்கும், முக்கியமாகப் பாட்டிக்கும் தெரியவேண்டும். கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அந்த ஊர் ஆட்களை நினைத்து அவள் பயந்து அழுதாலோ, தூக்கமும் சாப்பாடும் கெட்டாலோ, அவர்கள் நிஜமாகவே எதிரில் நிற்பதாக நம்பினாலோ குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மற்றபடி கோடு போடாத ஒரு நோட்டு வாங்கிக்கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். விருந்தாளி வந்தால் ‘உன் தீவுக் கதையைச் சொல்லு’ என்று கூப்பிட்டு நிறுத்தாதீர்கள். அந்த ஊர் அவளுடையது. நீங்களாக அதற்குள் போகாதீர்கள். அவள் அழைத்தால் மட்டும் போங்கள்.

சின்ன வயதில் எந்நேரமும் வரைந்துகொண்டிருப்பேன். படித்து முடித்து, ஆடிட்டர் ஆபீஸ் கணக்கிலேயே இருபது வருஷம் ஓடிவிட்டது. இப்போது ஆசையாகப் பென்சிலை எடுத்தால் ஒன்பது வயதுப் பையன் வரைந்ததைப் போலத்தான் வருகிறது. உள்ளே இருந்தது செத்துவிட்டதா?
– வாசகர், மதுரை

சாகவில்லை. உங்கள் கை ஒன்பது வயதில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். கை பழக்கத்தால் வருவது. தினம் கொஞ்ச நேரம் கொடுத்தால் திரும்ப வரும். நான் கேட்க நினைப்பது வேறு. அந்த வயதில் நீங்கள் எதை வரைந்தீர்கள்? கடிதம் முழுக்கத் தேடிவிட்டேன், அதை நீங்கள் எழுதவே இல்லை. கோயில் யானையா, கிரிக்கெட் ஆட்டக்காரர்களா, பக்கத்து வீட்டு மாடிப்படியா? நமக்குத் திறமை இருந்தது என்பதை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம். நம் கண் எதன்மேல் போய் ஒட்டிக்கொண்டது என்பதை மறந்துவிடுகிறோம். நான் பார்த்தவரையில் வயதான பிறகும் கூடவே வருவது அந்த ஒட்டுதல்தான்.

என் அப்பா சிவகாசியில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின்மேன். புது வேலை மெஷினில் ஏறும்போது, மை சீராக வரும்வரை, நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்காரும்வரை நல்ல பேப்பரைத் தொடமாட்டார்கள். ஏற்கெனவே அச்சாகிக் கழித்துப்போட்ட தாளையே திரும்பத் திரும்ப உள்ளே விடுவார்கள். அதனால் ஒரே தாளில் போன வாரம் ஓடிய லட்சுமி காலண்டர், அதன்மேல் பட்டாசு லேபிள், அதற்கும் மேல் ஊறுகாய் பாட்டில் லேபிள் என்று மூன்று வேலையும் விழுந்து கிடக்கும். அந்த வேஸ்ட் ஷீட்டுகள்தான் எங்கள் வீட்டில் நோட்டுக்கு அட்டை, அலமாரிக்கு விரிப்பு, பலகாரம் எடுத்துவைக்கிற தாள்.

லட்சுமியின் தாமரைக்குள்ளிருந்து பட்டாசு லேபிளின் புலி எட்டிப் பார்க்கும். புலியின் நெற்றியில் ‘எலுமிச்சை ஊறுகாய்’ என்று இருக்கும். அந்தப் புலி யாருக்குப் பயந்து தாமரைக்குள் ஒளிந்திருக்கிறது, நெற்றியில் எழுதியது யார், லட்சுமிக்கு அது தெரியுமா தெரியாதா என்று தம்பியை உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டே இருப்பேன். தாளின் ஓரத்தில் வட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி இருக்கும். நாலு கலரும் சரியாக விழுகிறதா என்று பார்ப்பதற்கான அடையாளம் அது. எனக்கு அது யாரோ எட்டிப் பார்க்கிற கண். கட்டிங் மிஷினில் அதை வெட்டித் தள்ளிவிடுவார்கள் என்று அப்பா சொன்னபோது மனசு கேட்கவில்லை.

இன்றைக்கு என் படங்களைப் பார்க்கிறவர்கள், ‘ஏன் ஒரு படத்துக்குள் இன்னொரு படம் தெரிகிறது?’ என்று கேட்கிறார்கள். நான் ஆறு வரைந்தால் தண்ணீருக்கு அடியில் பழைய ஊர் ஒன்றின் தெருக்கள் மங்கலாகத் தெரியும். யானையின் முதுகில், உற்றுப் பார்த்தால், ஒரு சந்தை நடக்கும். எந்த வகுப்பிலும் எனக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. வேஸ்ட் ஷீட் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, ஒரு தாளில் ஒரு படம் மட்டும் இருந்தால் ஏதோ குறைகிறது. அந்தக் கூட்டல் குறிக் கண்ணையும் ஒவ்வொரு புத்தகத்திலும் எங்கேயாவது வைத்துவிடுகிறேன். அதைக் கண்டுபிடிக்கிற பிள்ளைகள் பக்க எண்ணைக் குறிப்பிட்டு எனக்கு எழுதுகிறார்கள்.

எங்கள் கரிசல்காட்டுக்காரரான கி. ராஜநாராயணனை நினைத்துப் பாருங்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகவும், அப்போதும் பள்ளிக்கூடத்தைப் பார்க்காமல் மழையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டதாகவும் அவர் சொன்னது எல்லோருக்கும் தெரியும். இளமையில் அவருக்குச் சங்கீதத்தின்மேல்தான் பெரிய நாட்டம். கதை எழுத வந்தது முப்பது வயது தாண்டிய பிறகு. அப்படி வந்தபோது அவரிடம் என்ன இருந்தது? மழையை விடாமல் பார்த்த கண் இருந்தது. ஊர்ப்பேச்சு, சொலவடை, வசவு, தாலாட்டு எல்லாவற்றையும் சங்கீதம் கேட்கிற மாதிரி கேட்டுப் பழகிய காது இருந்தது. பாட்டுக்காகப் பழகிய அந்தக் காதுதான் கரிசல் பேச்சின் ஏற்ற இறக்கத்தை எழுத்தில் பிடித்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதனால் பென்சிலை எடுப்பதற்கு முன்னால் உங்கள் அம்மாவிடமோ அக்காவிடமோ கேளுங்கள்: ‘சின்ன வயசுல எதைப் பார்த்தா நான் நகராம நிப்பேன்?’ அவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அந்த இடத்துக்கோ அந்தப் பொருளிடமோ ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நில்லுங்கள். அங்கே வருவது ஓவியமாகத்தான் இருக்கவேண்டும் என்று இல்லை. மாடித்தோட்டமாக வரலாம், மர வேலையாக வரலாம், எழுத்தாக வரலாம். பழைய வடிவத்திலேயே திரும்பி வா என்று அதைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

எந்த வாசனை உங்களைச் சின்ன வயதுக்குக் கூட்டிப்போகும்?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

அச்சு மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. அப்பா வேலை முடித்து மண்ணெண்ணெயில் கை கழுவிவிட்டு வருவார். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது.

எனக்குப் பிரியமான ஒரு பெரிய கலைஞருக்கும் இதே போன்ற வாசனை உண்டு. சத்யஜித் ராய் கல்கத்தாவில் கர்ப்பார் சாலை வீட்டில் பிறந்தவர். தாத்தா உபேந்திரகிஷோரின் அச்சகமும் அதே வீட்டில்தான் இயங்கியது. ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் இதழை 1913-ல் தொடங்கியவர் அந்தத் தாத்தா. டர்பென்டைன் வாசனை வந்தால் அந்த அச்சகமே கண்முன்னால் வருவதாக ராய் தம் சிறுவயது நினைவுகளில் எழுதியிருக்கிறார். அப்பா சுகுமார் ராய் 1923-ல் இறந்தபோது மகனுக்கு இரண்டு வயதுதான். பிறகு அச்சகமும் கைவிட்டுப்போனது, வீடும் போனது. ஆனால் 1961-ல், உலகமே அவரைத் திரைப்பட இயக்குநராகக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில், நின்றுபோயிருந்த ‘சந்தேஷ்’ இதழை அவர் திரும்பவும் தொடங்கினார். அதற்காகவே கதைகள் எழுதினார், படங்களும் வரைந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயது. ஐந்தாறு வயதோடு கைநழுவிய ஒரு வீட்டை அவர் இப்படித் திரும்பக் கட்டிக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஓவியக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டு முன்னறை முழுக்க சாமி காலண்டர்கள். அதைப் பார்த்துத்தான் வரையவே ஆரம்பித்தேன். இப்போது நான் என்ன வரைந்தாலும் ‘காலண்டர் படம் மாதிரி இருக்கு’ என்று ஒதுக்குகிறார்கள். அந்த ரசனையை விட்டுவிடலாமா அக்கா?
– மாணவர், விருதுநகர் மாவட்டம்

தம்பி, விடவேண்டாம். அந்தக் காலண்டர்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால் நீங்கள் தலைகுனிய மாட்டீர்கள்.

அச்சில் சாமி படத்தைப் பெருவாரியாக வீடுகளுக்குக் கொண்டுவந்த முயற்சிகளில் பெரியது ரவிவர்மாவுடையது. 1894-ல் பம்பாயில் லித்தோ அச்சகம் போட்டார். கோயிலுக்குள் போக அனுமதி இல்லாதவர் வீட்டுச் சுவரிலும் அந்தப் படம் மாட்டப்பட்டது. நம் பக்கத்துக்கு வந்தால், கொண்டைய ராஜு. சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராகப் போய்த் திரைச்சீலை எழுதியவர். 1940களில் கோவில்பட்டியில் தங்கி ஓவியக்கூடம் வைத்தார். அவரிடம் பழகிய சீடர்களில் சுப்பையா, ராமலிங்கம் போன்றவர்கள் பின்னால் தாங்களே பெயர் பெற்றார்கள். சில படங்களின் கீழே குருவின் பெயரும் சீடரின் பெயரும் சேர்ந்தே இருக்கும். அங்கே வரைந்தது சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் போனது.

இனி உங்கள் வீட்டுக் காலண்டரைத் திரும்பப் பாருங்கள். சாமி நேருக்கு நேராக நம்மைப் பார்த்து நிற்கும். பின்னால் படிக்கட்டு, தடாகம், மலை, வெளுக்கிற வானம். அது நாடக மேடை. திரை தூக்கியதும் ராஜபார்ட் வந்து நிற்கிற இடம். திரைச்சீலை எழுதின கை, சாமிக்கும் மேடை கட்டிக்கொடுத்திருக்கிறது. ஒரு வேலையில் ஊறிய ரசனை அடுத்த வேலைக்குள் எப்படி நடந்துபோகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

உங்கள் ஆசிரியர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கலாம். காலண்டரின் இனிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, முகத்தையெல்லாம் ஒரே அச்சில் வழவழவென்று வரைந்தால் அது கொண்டைய ராஜுவுக்கே மரியாதை இல்லை. அவருடைய கோட்டுப் பயிற்சி அப்படிப்பட்டது இல்லை. எலும்பும் தசையும் கற்றுக்கொள்ளுங்கள், நிழல் விழுகிற விதம் கற்றுக்கொள்ளுங்கள். கற்றுக்கொண்டு திரும்பவும் அந்த மயிலின் நீலத்துக்கே வாருங்கள். முன்னறைச் சுவரில் பார்த்த நீலம் உங்களுக்குச் சும்மா பிடித்துப்போகவில்லை. வகுப்பில் இன்னொருவருக்கு மூங்கில் பாயின் பின்னல் பிடித்திருக்கும், வேறொருவருக்குச் சுடுமண் சிலை. எல்லோரும் ஒரே புத்தகத்தைப் பார்த்து ஒரே ரசனைக்கு மாறிக்கொண்டால் கல்லூரியை விட்டு வெளியே வரும்போது உங்களில் யார் யார் என்று யாருக்கும் தெரியாது.

போன இதழ் அறிவிப்பைப் பார்த்து மனசு கஷ்டமாக இருந்தது. நான் உங்கள் ஊர்ப் பக்கம்தான். விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து நிற்கும். படிப்பு மூன்றாம் வகுப்போடு போச்சு. மரச் சட்டத்தில் குச்சி அடுக்கினேன், வீட்டில் பெட்டி ஒட்டினேன். விளையாடவும் கற்பனை பண்ணவும் எங்கே நேரம்? இந்தப் பேச்செல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தானா? இப்போது கோயம்புத்தூரில் பிளவுசுக்கு ஆரி வேலை செய்கிறேன். ‘கலர் சேர்க்கிற கை உனக்கு’ என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.
– வாசகி, கோயம்புத்தூர்

அக்கா, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். உங்களிடமிருந்து பிடுங்கப்பட்டது பிடுங்கப்பட்டதுதான். கஷ்டத்தில்தான் கலை பிறக்கும் என்று சொல்லி அதைச் சரிக்கட்ட எனக்கு மனசில்லை, யார் சொன்னாலும் நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைகள் திடீரென்று வராமல் போவதும், சாயங்காலம் அவர்கள் வீட்டு வாசலில் பசை வாளியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதும் எனக்கும் தெரியும். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-ல் வந்தது. தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலிலிருந்து பிள்ளைகளை வெளியே கொண்டுவர 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவேண்டியிருந்தது. உங்களுக்கு அதெல்லாம் தாமதமாக வந்த காரியம்.

இதே குறையைப் பாரதியும் எழுதிவைத்திருக்கிறார். எட்டயபுரத்தில் வசதிக்கு முதலில் குறைவில்லை. ஆனால் தகப்பனாருக்கு மகன் படிக்கவேண்டும். தெருவில் மற்றப் பிள்ளைகள் ஆடும்போது தான் அதில் சேராமல், துணையில்லாமல் வருந்தியதைத் தம் சுயசரிதைப் பாட்டில் அவர் சொல்கிறார். பின்னாளில் குழந்தைகளுக்குப் பாட்டெழுத உட்கார்ந்ததும் முதல் வார்த்தையே ‘ஓடி விளையாடு’ என்று வந்தது. விளையாடக் கிடைக்காத பிள்ளை அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது என்று நினைத்துத்தான் நான் அதை ஒவ்வொரு முறையும் வாசிக்கிறேன். கிடைத்தது மட்டும் கூட வருவதில்லை. ஏங்கியதும் வருகிறது.

இனி உங்கள் கைக்கு வருகிறேன். தீப்பெட்டி லேபிள்களை நினைவில் கொண்டுவாருங்கள். இரண்டு மூன்று கலரிலேயே முடித்தாகவேண்டும். செலவு குறைவாக இருக்கவேண்டும். பெட்டிக்கடைத் தட்டில் தூரத்திலிருந்தும் கண்ணில் படவேண்டும். அதனால் சிவப்புத் தரையில் மஞ்சள், மஞ்சளைப் பிடித்து நிறுத்தக் கறுப்பு, நடுவில் கொஞ்சம் பச்சை என்று அளந்து வைத்திருப்பார்கள். வண்ணத்தைச் சிக்கனமாக, பளிச்சென்று, ஒன்று இன்னொன்றை அமுக்காமல் வைப்பதில் அந்த லேபிள் போட்டவர்கள் கெட்டிக்காரர்கள். நானே இன்றைக்கும் பழைய லேபிள்களை எடுத்துவைத்துப் படிக்கிறேன். நீங்கள் அவற்றைக் கையால் தொட்டு, ஒவ்வொன்றாக ஒட்டி, ஒட்டியது கோணாமல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வளர்ந்தவர். அரக்கு பிளவுசில் எந்த இடத்தில் ஜரி நிற்கவேண்டும், எங்கே ஒரு பச்சை மணி போதும் என்று உங்கள் கண் சொல்லும்போது அது எங்கிருந்து சொல்கிறது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம், அந்தப் பிள்ளைப்பருவம் உங்களுடையது, உங்களுக்குத்தான் தெரியும். குச்சி அடுக்கும்போது பக்கத்தில் இருந்த அக்காமார் சொன்ன சினிமாக் கதைகளா, உங்கள் அம்மா கட்டின சேலையா?

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாரும் ஆர்டர் கொடுக்காத ஒரு பிளவுசை உங்களுக்காகவே போடுங்கள். ஒட்டின லேபிள்களில் உங்களுக்குப் பிடித்தது எதுவோ, கிளியோ மானோ கப்பலோ, அதைப் போடுங்கள். யார் அவசரப்படுத்தினாலும் மெதுவாகவே போடுங்கள்.

என் மகனுக்கு ஏழு வயது. பஸ் மட்டும்தான் வரைவான். பள்ளியில் இயற்கைக் காட்சி வரையச் சொன்னால், இரண்டு மலைக்கு நடுவில் சூரியன் இருக்கவேண்டிய இடத்தில் பஸ் நிற்கிறது. மார்க் குறைத்துவிட்டார்கள். ஓவிய வகுப்பில் சேர்த்து எல்லாமும் வரையப் பழக்கலாம் என்று இருக்கிறேன். நல்ல வகுப்பு எது?
– தந்தை, நாமக்கல்

இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை, நாலு காக்கா: இந்தப் படத்தைத் தமிழ்நாட்டில் எல்லோரும் வரைந்திருக்கிறோம். அதை யாரும் பார்த்து வரையவில்லை. உங்கள் மகன் பஸ்ஸைப் பார்த்து வரைகிறான். இந்த வயதில் வகுப்பு வேண்டாம் ஐயா. கலரிங் போட்டிக்கும் அனுப்பாதீர்கள். யாரோ வரைந்த கோட்டுக்குள் நேரத்துக்குள் வண்ணம் அடித்துக் கேடயம் வாங்குவதில் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

ஜப்பானின் அனிமேஷன் பட இயக்குநர் ஹயாவோ மியாசாகி 1941-ல் பிறந்தவர். போர்க்காலத்தில் அவருடைய தகப்பனார் போர் விமானங்களுக்குப் பாகங்கள் செய்துகொடுக்கிற தொழிற்சாலையை நடத்தினார். படக்கதை வரையவேண்டும் என்பது சிறுவனின் ஆசை. மனிதர்களை வரைய வரவில்லை. அதனால் வருஷக்கணக்காக விமானம், டாங்கி, போர்க்கப்பல் என்றே வரைந்துகொண்டிருந்தான். அந்தப் பையன் வளர்ந்து அனிமேஷன் படம் எடுக்க வந்தான். அவருடைய படங்களில் யாராவது பறந்துகொண்டே இருப்பார்கள். 1985-ல் நண்பர்களோடு தொடங்கிய ஸ்டுடியோவுக்கு வைத்த ‘கிப்லி’ என்ற பெயரும் ஓர் இத்தாலிய விமானத்தின் பெயர்தான். எழுபது வயதுக்குப் பிறகு, 2013-ல், ஒரு விமான வடிவமைப்பாளரைப் பற்றியே முழுப்படம் எடுத்தார். விமானத்தின்மேல் உள்ள ஆசையும் அதைப் போருக்குப் பயன்படுத்திய வேதனையும் இரண்டுமே அந்தப் படத்தில் இருக்கின்றன. அவருடைய தாய் முதுகெலும்புக் காசநோயில் வருஷக்கணக்காகப் படுத்திருந்தார். 1988-ல் வந்த படத்தில் ஆஸ்பத்திரியிலிருக்கும் தாய்க்காகக் காத்திருக்கிற இரண்டு சிறுமிகள் வருகிறார்கள். மனிதர்களை வரைய வராத பையன் அவர்களை அவ்வளவு உண்மையாக வரைந்திருக்கிறார். விமானத்தை ஆசை தீர வரைந்தபிறகு மனிதர்களும் வந்தார்கள்.

பள்ளியோடு சண்டை வேண்டாம். டீச்சரிடம் போய், ‘மலைப்பாதையில் பஸ் போகிறது, அதுவும் காட்சிதான்’ என்று அமைதியாகச் சொல்லிப் பாருங்கள், கேட்டுக்கொள்வார்கள். வீட்டில் பெரிய தாளாகக் கொடுங்கள். ஏ-4 தாளில் பஸ் அடங்குவது கஷ்டம்.

பஸ்ஸை இன்னும் நன்றாகப் பார்க்க அவனுக்கு வழி செய்யுங்கள். உங்கள் ஊரிலேயே லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். கரூர் பக்கத்தில்தான் இருக்கிறது, பஸ் பாடிக்குப் பேர் போன ஊர். தெரிந்தவர் மூலம் அனுமதி கேட்டு ஒரு பட்டறைக்குக் கூட்டிப்போங்கள். வெறும் சேசிஸாக, டிரைவர் சீட் மட்டும் வைத்து வருகிற வண்டிமேல் முதலில் இரும்புச் சட்டம் நிற்கும், பிறகு தகடு ஏறும், கண்ணாடி உட்காரும், கடைசியில் பெயின்டர் வந்து பக்கவாட்டில் பெயர் எழுதுவார். வெல்டிங் நடக்கும்போது மட்டும் தள்ளி நிற்கவையுங்கள், கண்ணுக்கு ஆகாது. அவன் கேட்கிற கேள்விக்கு உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால் பட்டறை அண்ணன்மாரிடமே கேட்கச் சொல்லுங்கள், அவர்கள் பிரியமாகச் சொல்வார்கள். திரும்பிவந்து அவன் வரைகிற முதல் பஸ்ஸைப் படம் எடுத்து இந்த இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். அடுத்த மாதம் இந்தப் பக்கத்தில் அச்சிட ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வைத்துவிட்டேன்.